பழைய காருக்குக் காவல். பழைய குடிக்குக் கப்பல்!

நாட்டை விட்டுக் குடிபெயர்வோர் தம் மோட்டார்க் காரையும் கப்பலேற்றிச் செல்லலாமா? 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர், கண்டி நகரின் தமிழ் மருத்துவரும் பொறியியலாளரும் கணக்காளரும் வழக்கறிஞரிடம் கொண்டுவரும் கேள்விகளுள் இதுவும் ஒன்றாகிவிட்டது. கேள்வியில் தவறில்லை. வியர்வை சிந்தி வாங்கிய பொருளை விட்டுச் செல்ல எவருக்குத்தான் மனம் வரும்?

செல்லலாம் என்பதே விடை. ஆனால் பதிவுப் புத்தகத்தை முதலில் விரித்துப் பார்க்க வேண்டும். தவணைக்கு வாங்கிய வண்டியாயின் அதிலே பதிவு பெற்ற உரிமையாளர் ஒருவராகவும், முற்றுரிமையாளர் மற்றொருவராகவும் இருப்பர். பணம் தீரும்வரை முற்றுரிமையாளர் கடன் கொடுத்த கம்பனியே. அதன் சம்மதமின்றி வண்டி துறைமுகத்தை நெருங்காது. கடன் தீர்ந்தாலும் சேருமிடத்துச் சட்டம் குறுக்கிடும். முன்கூட்டியே அனுமதி பெறாத வண்டியை அவுஸ்திரேலியா ஏற்காது. சக்கரத்தில் பிறநாட்டு மண் ஒட்டியிருத்தலும் ஆகாது. கனடாவிலோ வீதியின் வலப்புறம் ஓட்டுவர். நம் வண்டி அதற்கென அமைந்ததன்று. மேலும், 2020 மார்ச் முதல் 2025 பெப்ரவரி வரை தனியார் கார் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால் இங்கே பழைய வண்டியின் விலையும் வானளாவ ஏறிற்று. ஆகவே, விற்றுவிட்டுச் செல்லுங்கள் என்பதே பெரும்பாலோருக்கு நான் கூறும் ஆலோசனை. இதற்குக் கட்டணம் வாங்கவும் கூச்சமாகத்தான் இருக்கிறது!

இவ்விதிகளுக்கிடையே ஒன்று மட்டும் என் நெஞ்சை உறுத்துகின்றது. இலங்கையில் 1945ஆம் ஆண்டுக்கு முன்னர் முதன்முதலாகப் பதியப்பட்ட காரை, இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரமின்றி நாட்டை விட்டு வெளியேற்றலாகாது. தந்தத்தையும் பவளத்தையும் போலப் பழைய காரும் இம்மண்ணின் செல்வமாம். பிரித்தானியாவிலே செய்யப்பட்டு, வெள்ளைத்துரை ஏறிப் பவனி வந்த வண்டி, 1945க்கு முன் இங்கு வந்து சேர்ந்துவிட்டபடியால் நமது பாரம்பரியச் சொத்தாகிவிட்டது. மிக நன்று! அந்தத் துரையின் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவள் எப்பொழுது வந்தாள்?

கார் என்னும் பொருள் பிறவாத காலத்தில் வந்தவர்கள் அவளுடைய முன்னோர். மன்னாரிலிருந்து காடு வழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்து, கண்டிச் சீமையிலே கோப்பியை நட்டவர்கள். 1867இல் ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையை நட்டார் என்று பாடப்புத்தகம் கூறும். மண்வெட்டி பிடித்த கைகளை அப்புத்தகம் கூறாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்து இலக்கம் பொறித்த தகரத் துண்டோடு இம்மக்கள் கப்பலில் அனுப்பப்பட்டனர். காருக்கு மாட்டுவதுபோல மனிதனுக்கும் இலக்கத் தகடு மாட்டிய நாடு இது.

சுதந்திரம் வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் வந்தது. அடுத்த ஆண்டில் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், 1946 ஜனவரி முதலாம் நாளுக்கு முன் மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இங்கே வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். ஒன்றரை இலட்சம் பேருக்குக்கூடக் கிடைக்கவில்லை. 1944இல் பதியப்பட்ட கார் இலங்கையின் செல்வம். 1940இல் வந்து 1946வரை தேயிலைக்குக் களை பிடுங்கிய மனிதன் அந்நியன். இதற்குப் பெயர் சட்டமா?

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் கணக்கைத் தீர்த்தனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம்! அந்த எச்சத்தையும் 1974இல் சரிபாதியாக வெட்டிக்கொண்டனர். வெட்டுண்டவர்களை எவரும் கேட்கவில்லை.

அவர்கள் எதைக் கொண்டு செல்லலாம் என்பதையும் அவ்வொப்பந்தம் பேசிற்று. சேமலாப நிதி, பணிக்கொடை உட்படத் தம் உடைமையை அந்நியச் செலாவணி விதிகளுக்கு அமையக் கொண்டு செல்லலாம். குடும்பம் ஒன்றுக்குரிய உச்சவரம்பு 4,000 ரூபாவுக்குக் கீழே இறக்கப்படமாட்டாது. இவ்வாசகத்தை நாலாயிரம் ரூபா கொடுத்தனுப்பினார்கள் என்று இன்றும் சிலர் மேடையில் பேசுகின்றனர். கொடுப்பதாக எவரும் சொல்லவில்லை. அவன் உழைத்துச் சேர்த்ததில் எவ்வளவைத் தடுக்கமாட்டோம் என்று மட்டுமே சொன்னார்கள். விதி எவருக்கும் பாரபட்சமாக இராது என்ற உறுதிமொழி வேறு! ஆட்டுக்குட்டி வைத்திருப்பவனுக்கும் அடுக்குமாடி வைத்திருப்பவனுக்கும் ஒரே விதி என்றால் அது சமநீதியாகிவிடுமா?

கண்டியிலும் நாவலப்பிட்டியிலும் அட்டனிலும் புகையிரதம் ஏறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேசுவரம் கடந்து, மண்டபம் முகாமில் இறங்கினார்கள். இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளைத் தடுத்துவைத்து அனுப்பிய அதே மண்டபம்! 1984இல் கப்பல் நிற்கும்வரை மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு அனுப்பப்பட்டனர். தகரப்பெட்டியில் துணியும் பாத்திரமும் கொண்டு செல்லலாம். லயத்தின் பின்னே வளர்த்த பலாமரத்தையும், கல் பொறுக்கிப் பண்படுத்திய மரக்கறிப் பாத்தியையும் எந்தக் கப்பலில் ஏற்றுவது? விற்றுப் பணமாக்கவும் வழியில்லை. ஏனெனில், பதிவு பெற்ற உரிமையாளன் என்ற பெயர்கூட அவனுக்கு இல்லை, முற்றுரிமையாளர் தோட்டமே.

இந்நாட்டில் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டம் இருக்கிறதே என்று விவசாய அன்பர் கேட்பர். பிறர் காணியைப் பத்தாண்டு தடையின்றி எதிரிடையாக ஆண்டவனுக்கு அது உரிமை தருகிறது. ஆனால் வேலைக்காக, உத்தரவின்பேரில் லயத்தில் குடியிருப்பவன் நூறாண்டு வாழ்ந்தாலும் அதன் பயனைப் பெறான். 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அரசுக்கு எதிராக ஆட்சியுரிமை செல்லவே செல்லாது. அத்துமீறி நுழைந்தவனுக்குத் திறக்கும் கதவு, அழைத்து வந்து குடியேற்றப்பட்டவனுக்குத் திறக்காது!

பிரசாவுரிமைதான் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முற்றாகக் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன அழுகை என்பர் சிலர். வாக்குச்சீட்டு கிடைத்தது, வாசற்படி கிடைக்கவில்லை. 7 பேர்ச்சஸ் என்றும் 10 பேர்ச்சஸ் என்றும் வாக்குறுதிகள் மாறுகின்றன. புதுவீட்டின் திறப்பைப் பெற்ற பலரது கையில் அந்த வீட்டின் உறுதி இல்லை. உறுதியில்லாத வீட்டை ஈடுவைக்க இயலாது, விற்க இயலாது, பிள்ளைக்கு எழுதிவைக்கவும் இயலாது.

காரின் பதிவுப் புத்தகத்தைக் கண்ணாகக் காக்கும் கண்டித் தமிழ்ப் படிப்பாளிகளே, தெல்தோட்டையிலும் கலஹாவிலும் மடுல்கலையிலும் உள்ள இம்மக்களின் காகிதத்தைப் பற்றி நீங்கள் எப்போதேனும் கேட்டதுண்டா? உங்களுள் நில அளவையாளர் உளர், நொத்தாரிசுகள் உளர், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மனு எழுத வல்லவர் உளர். விமானம் ஏறுமுன் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தோட்டத்துக்குத் தாருங்கள். குடும்பம் குடும்பமாகப் பெயர், குடியிருந்த காலம், வீட்டின் எல்லை ஆகியவற்றைப் பதிவு செய்வோம். உறுதி கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதப்பட வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

தோட்டத்து அன்பர்களும் மரக்கறி விவசாயிகளும் இனி வாக்குக் கேட்டு வருவோரிடம் மாலையை நீட்டுமுன் மூன்று கேள்விகளை நீட்டுங்கள். எங்கள் காணித்துண்டின் இலக்கம் என்ன? நில அளவைப் படம் எங்கே? கண்டிக் காணிப் பதிவகத்தில் எங்கள் உறுதி எந்த நாளில் பதியப்படும்? மூன்றுக்கும் விடையை எழுத்தில் வாங்குங்கள். கீழே கையொப்பமும் வாங்குங்கள்.