எண்ணில் அடங்காப் பெயர்கள்

சூடோ என்னும் சப்பானிய மற்கலைக்குரிய ஐரோப்பிய வாகைப் போட்டி முதன்முதல் 1951ஆம் ஆண்டில் பாரிசு நகரில் நடைபெற்றது. இன்று அப்போட்டியில் பாய்மேல் நிற்கும் நடுவர் போலந்தியராயினும் போர்த்துக்கீசியராயினும், 'தொடங்குக' என்பதை 'அசிமே' என்றும், 'நிறுத்துக' என்பதை 'மத்தே' என்றும், முழுவெற்றியை 'இப்போன்' என்றும் சப்பானிய மொழியிலேயே முழங்குகின்றார். பொருதுவோர் இருவர்க்கும் அது தாய்மொழி அன்று, நடுவர்க்கும் அன்று, சூழ்ந்திருந்து காண்போர்க்கும் அன்று. ஆங்கிலம் இன்றேல் உலகம் ஒருங்குகூடி விளையாடவும் இயலாது என ஓயாது உரைப்போர், ஒருநாளேனும் அப்பாயோரம் அமர்ந்து கேட்டல் நன்று.

இந்நிலை தானே வந்ததன்று. 1882இல் தோக்கியோவில் இக்கலையை வகுத்த கானோ சிகோரோ, ஆங்கிலம் நன்கறிந்த கல்வியாளர். உயர்நிலை ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் தலைவராய் நெடுங்காலம் இருந்தவர். 1909இல் அனைத்துலக ஒலிம்பிக்குக் குழுவின் உறுப்பினரான முதல் ஆசியர். வெளிநாட்டார்க்கு எளிதாகுக என ஆங்கிலப் பெயர் சூட்ட அவரால் இயலாததன்று. சூட்டினாரல்லர். அவர் நிறுவிய கோடோகான் பள்ளி 1895இல் தொகுத்து 1920இல் திருத்தியமைத்த 40 வீச்சுகளும் சப்பானியப் பெயர்களையே தாங்கி நின்றன. அவற்றுள் ஒன்று 'ஓ சோத்தோ கரி'. ஓ என்பது பெரிது. சோத்தோ என்பது புறம். கரி என்பது அரிதல். உழவன் நெற்றாளை அரிவாளால் அரிவதுபோல், எதிரியின் காலை வெளிப்புறமிருந்து தன் காலால் அரிந்து வீழ்த்துவதே அவ்வீச்சு. பெயரைக் கேட்ட அளவிலேயே கால் எவ்வழிச் செல்லவேண்டும் என்பது மாணவனுக்கு விளங்கிவிடுகின்றது. (சூடோ, இப்போன் என்பன சீனத்தினின்று சப்பானியம் கடன்கொண்ட சொற்கள். ஓ, சோத்தோ, கரி மூன்றுமோ அந்நாட்டுத் தனிச்சொற்கள். இவ்வீச்சின் நுட்பத்தை உணர்த்துதற்குக் கடன்சொல் வேண்டப்படவில்லை என்பது சொல்லாராய்வார் உளங்கொளத் தக்கது.)

இப்பெயர்களுக்கு ஐரோப்பாவில் ஒரு கேடு வந்தது. கொணர்ந்தவர் ஐரோப்பியர் அல்லர். 1935இல் பாரிசுக்கு வந்த காவாய்சி மிக்கினோசுக்கே என்னும் சப்பானிய ஆசான், பிரெஞ்சு மாணவர்க்கு இப்பெயர்கள் கடினம் எனக் கருதி, வீச்சுகளை வகைவகையாய்ப் பிரித்து எண்ணிட்டார். 'ஓ சோத்தோ கரி' முதற் கால்வீச்சு ஆயிற்று. மாணவர் பல்கினர், வண்ணக் கச்சைகளும் அவரால் பரவின, பிரெஞ்சு நாட்டுச் சூடோ வளர்ச்சிக்கு அவர் ஆற்றிய தொண்டு மறுக்கத்தக்கதன்று. ஆயினும் 'முதற் கால்வீச்சு' என்பதில் அரிவாளும் இல்லை, கதிரும் இல்லை.

அவ்வம் மக்கள் தத்தம் மொழியில் பெயரிட்டுக்கொள்ளுதல் முறைதானே என வினவலாம். முறையே. அரிதலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லால் அவ்வீச்சுக்குப் பெயரிட்டிருப்பின் குறைகூற இடமில்லை. இட்டதோ எண்! எண் சப்பானியமும் அன்று, பிரெஞ்சும் அன்று. எம்மொழியின் உயிரும் இல்லாத வெற்றடையாளம். எளிமை என்னும் பெயரால் இருமொழிகளும் ஒருங்கே இழந்தன. 1951இல் துலூசு நகருக்கு வந்த ஆபே இச்சிரோ போன்ற கோடோகான் ஆசான்கள் அங்குப் பயிற்றத் தொடங்கிய பின்னர், எண்முறை படிப்படியாய் மங்கிற்று, பழம்பெயர்கள் மீண்டன. பிரெஞ்சு நா அவற்றைச் சொல்லப் பழகிக்கொண்டது. பழகாது என முன்கூட்டியே முடிவுகட்டியதன்றோ பிழை?

சப்பானியர் வென்றுகொண்டே இருந்தமையால் அவர்தம் மொழி நிலைத்தது என்பதும் பொருந்தாது. ஐரோப்பிய வாகைப் பட்டங்கள் 21 வென்ற நெதர்லாந்து நாட்டு அந்தோன் கீசிங்கு, 1961இல் பாரிசில் உலக வாகையும் பெற்று, 1964ஆம் ஆண்டுத் தோக்கியோ ஒலிம்பிக்கில் எடைவரம்பற்ற பிரிவில் காமினாகா அக்கியோவைச் சப்பானிய மக்கள் கண்முன்னரே பாயோடு பாயாய் அழுத்தி வென்றார். பின்னாளில், பொருதும் இருவருள் ஒருவர் நீலவுடை அணிதல் வேண்டும் என்றும் அவரே முன்மொழிந்தார். வெள்ளுடையே மரபு எனச் சப்பானியர் மறுத்தும், 1997இல் உலகக் கூட்டமைப்பு நீலத்தை ஏற்றுக்கொண்டது. இவ்வாறு பட்டமும் உடைவண்ணமும் அவர் கைவிட்டுப் போன பின்னரும், நடுவர் வாய்ச்சொல் மாறவில்லை. 2017இல் மதிப்பீட்டு முறையினின்று நீக்கப்பெற்ற 'யூக்கோ' என்னும் சிறுவெற்றி, 2025இல் மீண்டும் சேர்க்கப்பெற்றபோது அதே பெயரோடுதான் வந்தது.