புண்ணியமும் பாக்கியும்

108 ஆம்புலன்ஸைப் ‘புண்ணியவான்கள் விட்ட வண்டி’ என்று சொல்லுகிறவர்கள் உண்டு. உயிர் பிழைத்து எழுந்த ஏழை அப்படிச் சொன்னால் எனக்குக் கோபமில்லை. அவன் யாரைக் கும்பிட்டாலும் தகும். ஆனால் கூப்பிடு தூரத்தில் நாலு ஆஸ்பத்திரிகளை வைத்துக்கொண்டு பட்டணத்தில் வாழும் படித்தவர்கள் அதையே சொல்லும்போது சண்டை போடத் தோன்றுகிறது. ஒன்றுக்குத் தர்மம் என்று பெயர் வைத்துவிட்டால், அதைக் கொடுக்காமல் இருப்பது குற்றமில்லை என்றாகிவிடும். வாசலில் நிற்பவனுக்குச் சோறு போடலாம். ‘கை வேலையாக இருக்கிறது, போய் வா’ என்றும் சொல்லலாம் அல்லவா?

இந்த வண்டியின் சரித்திரம் என்ன சொல்லுகிறது? 2005 ஆகஸ்டில் ஆந்திராவில் இதைத் தொடங்கியவர்கள் சத்யம் கம்பெனியின் ராமலிங்க ராஜுவும் அவர் குடும்பத்தாரும். நல்ல காரியம்தான். 2008-ல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. 2009 ஜனவரியில் அந்த ராஜுவே, தம் கம்பெனிக் கணக்குகள் பொய் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஜெயிலுக்குப் போனார். தர்மப்பிரபு போய்விட்டார், வண்டி நின்றதா? இல்லை. ஜி.வி.கே. நிறுவனம் நிர்வாகத்துக்கு வந்தது. டீசலுக்கும் சம்பளத்துக்கும் பெரும்பகுதிப் பணம் சர்க்கார் கஜானாவிலிருந்து போய்க்கொண்டிருந்ததால் வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. கஜானாவில் இருப்பது யார் பணம்? தீப்பெட்டி வாங்கும்போதும் வரி கட்டுகிறாளே, அந்தக் கிராமத்துக் கிழவியின் பணமும் அதில் இருக்கிறது. தன் பணத்தில் ஓடும் வண்டிக்கு அவள் ஏன் கும்பிடு போட வேண்டும்?

சுதந்திரம் வந்து அறுபது வருஷம் அவளுக்கு வாய்த்த வாகனங்கள் எவை? கயிற்றுக் கட்டில், மாட்டு வண்டி, டவுன் பஸ். கொஞ்சம் வசதி இருந்தால், சீட்டில் ரத்தம் பட்டுவிடுமே என்று முகம் சுளிக்கிறவரின் வாடகைக் கார். எங்களைப் போன்ற கதாசிரியர்களுக்கு மாட்டு வண்டி மரணம் நல்ல சரக்கு. பிரசவ வேதனையோடு ஒருத்தி ஆற்று மணலில் வண்டியிலேயே இறந்துபோவதாக நானும் எழுதியிருக்கிறேன். கடிதங்கள் வந்து குவிந்தன. ‘அழுதுவிட்டேன்’ என்று எழுதாதவர் இல்லை. ‘அவளுக்கு ஏன் ஒரு நல்ல வண்டி கிடைக்கவில்லை?’ என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. வாசகர்களே, கண்ணீரோடு கடன் தீர்ந்ததென்று நினைத்தீர்களா?

ஊர் தூரம், ரோடு இல்லை, பணம் இல்லை என்று சமாதானம் சொல்லுவார்கள். தூரம் என்றால் என்னவென்று ஆஸ்திரேலியர்களைக் கேட்க வேண்டும். 1917-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியில், ஹால்ஸ் கிரீக் என்ற ஊரில், குதிரையிலிருந்து விழுந்த மாட்டுக்காரன் ஒருவனுக்குப் போஸ்ட்மாஸ்டர் பேனாக்கத்தியால் ஆபரேஷன் செய்தார். பெர்த் நகரத்து டாக்டர் தந்தி மூலம் சொல்லச் சொல்ல, இவர் அறுத்தார். அந்த டாக்டர் கப்பலிலும் காரிலும் குதிரையிலுமாக நாள்கணக்கில் பிரயாணம் செய்து வந்து சேர்ந்தபோது, முதல் நாளே நோயாளி இறந்திருந்தான்.

அந்த நாட்டில் ஜான் ஃப்ளின் என்ற பாதிரியார் இருந்தார். பல வருஷம் பேசியும் எழுதியும் பணம் திரட்டி, 1928 மே 17-ந் தேதி குளோன்கரி என்ற சிற்றூரிலிருந்து டாக்டரை ஆகாய விமானத்தில் அனுப்பினார். விமானம் குவாண்டாஸ் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தது. பண்ணை வீடுகளில் மின்சாரம் கிடையாது. 1929-ல் டிரேகர் என்பவர், காலால் மிதித்து இயக்கும் ரேடியோவைச் செய்து கொடுத்தார். நன்கொடையில் தொடங்கிய அந்தச் சேவைக்குப் பிறகு அரசாங்கங்களே பணம் ஒதுக்கின. தர்மம் கடமையாக மாறுவது அப்படித்தான்.

இங்கே? 2023 மே மாதம், வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்தது. உடலைத் திருப்பிக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ், மேலே சாலை இல்லாததால் பாதி வழியில் நின்றது. பெற்றவள் அந்த உடலைக் கையில் ஏந்திக்கொண்டு மைல்கணக்கில் நடந்தாள்.

“மலை மேலே நாலு வீட்டுக்காக ரோடு போட முடியுமா, சார்?” என்றார் ஒரு நண்பர்.

“2021 தேர்தலில் தர்மபுரி மாவட்டத்துக் கோட்டூர் மலைக்கு ஓட்டு யந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றி அனுப்பினார்களே! ஓட்டு என்றால் வழி தெரிகிறது. உயிர் என்றால் மட்டும் தெரியவில்லையா?” என்றேன். நண்பர் பேச்சை மாற்றினார்.

108 வண்டி ஓட்டுகிறவருக்கும், உள்ளே உட்கார்ந்து சிகிச்சை செய்கிறவருக்கும் நன்றி சொல்லுங்கள். ராத்திரியெல்லாம் கண் விழிப்பவர்கள் அவர்கள். ஆனால் வண்டி போகாத ஊருக்கு நாம் தர வேண்டியதைப் புண்ணியக் கணக்கில் எழுத வேண்டாம்; பாக்கிக் கணக்கில் எழுதுங்கள். இனி என் கதையில் யாராவது வண்டிப் பாதையில் இறந்துபோனால், எனக்குக் கடிதம் வேண்டாம். கலெக்டருக்கு எழுதுங்கள்.