எலும்புன்னா வெறும் கால்சியமா?

திருவானைக்கோவில்காரர்களிடம் ஊர்ப் பெருமையைக் கேட்டால் முதலில் ஜம்புகேஸ்வரர், அப்பு ஸ்தலம், அகிலாண்டேஸ்வரியின் தாடங்கம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சர் சி.வி.ராமன் இங்கதான் பொறந்தார்" என்பார்கள். 1888 நவம்பர் 7. அத்தோடு பேச்சு முடிந்துவிடும். ராமன் விளைவு எதற்கு உபயோகம் என்று கேட்டால்... நழுவிவிடுவார்கள்!

பாட்டி பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த கதை இல்லாத தெரு எது? உடனே எல்லோரும் டாக்டராகி விடுவார்கள். "கால்சியம் கம்மி, பால் குடிங்க, மாத்திரை போடுங்க." டிவி விளம்பரமும் அதையேதான் சொல்கிறது. இது பாதி உண்மை. மீதிப் பாதியின் அமைப்பைக் கண்டுபிடித்தவர் ராமனின் மாணவர் என்பதுதான் வேடிக்கை.

எலும்பின் எடையில் 60 முதல் 65 சதவீதம் தாது. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சி அபடைட் என்ற பொடிப்பொடிப் படிகங்கள். சுமார் 10 சதவீதம் தண்ணீர் (எலும்புக்குள்ளும் அப்பு உண்டு!). மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத நார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், நடுவில் ரத்தக்குழாய் போகும் ஒரு கால்வாய், அதைச் சுற்றி மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி அடுக்கடுக்கான தகடுகள், இடையிடையே குட்டிக் குட்டி அறைகளில் உயிருள்ள செல்கள். ஒவ்வொரு அடுக்கிலும் நார்கள் ஓடும் திசை வேறு. விரிசல் விட்டால் அது நேராக ஓட முடியாமல் திணறும். கான்கிரீட்டுக்குள் கம்பி கட்டின மாதிரிதான்.

அந்தக் கம்பியின் அமைப்பை 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சொன்னவர்கள் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட புரி. நடுவில் இடம் ரொம்பக் குறுகல் என்பதால், ஒவ்வொரு இழையிலும் மூன்றாவதாக வரும் அமினோ அமிலம் எல்லாவற்றிலும் சிறியதான கிளைசினாகவே இருந்தாக வேண்டும். அந்த இடத்தில் வேறு ஒன்று உட்கார்ந்துவிட்டால்? சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே எலும்பு பொசுக் பொசுக்கென்று முறிகிறதே, அந்த நோய்க்கு முக்கியக் காரணங்களில் அது ஒன்று. அவர்களுக்கு எத்தனை லிட்டர் பால் கொடுத்தாலும் அந்தக் குறை தீராது.

ஆனால் ஆஸ்பத்திரியில் எடுக்கும் டெக்ஸா ஸ்கேன் அளப்பது தாதுவின் அடர்த்தியை மட்டும்தான். கோடவுனில் இருக்கும் சரக்கை எண்ணிவிட்டு, கம்பெனி பிரமாதம் என்று ஆடிட்டர் கையெழுத்துப் போடுகிற மாதிரி. ஸ்கேனில் "பரவாயில்லை" என்று வந்தவர்களுக்கும் எலும்பு முறிகிறது. (இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது டாக்டர் சொல்ல வேண்டியது.)

இங்கேதான் நம்ம ஊர்க்காரர் வருகிறார். எலும்பின்மேல் லேசர் ஒளியை அடித்தால், சிதறி வருவதில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வரும். 1928-ல் ராமன் பார்த்தது அதைத்தான். அந்த நிறமாலையில் 960 என்ற அலை எண்ணில் பாஸ்பேட் ஒரு கூர்மையான கோடு போடும், 1660-ஐ ஒட்டி கொலாஜன் காட்டிக்கொடுக்கும். சரக்கு, கம்பி இரண்டுக்கும் ஒரே பார்வையில் கணக்கு! 2005-ல் பிரிட்டனின் ரதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வுக்கூடத்தில், மேற்பரப்பைத் தாண்டி உள்ளே இருப்பதைப் படிக்கும் ராமன் முறையையும் உருவாக்கினார்கள். தோலை வெட்டாமலே எலும்பைப் பார்க்க அதில் வழி உண்டு. ஆனாலும் இது இன்னும் தெருமுனை ஸ்கேன் சென்டருக்கு வந்து சேரவில்லை. ராமன் பிறந்த ஊரிலாவது இதைப் பற்றி நாலு பேர் பேச வேண்டாமா?

நம்பாதவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம் (சைவ நண்பர்கள் மன்னிக்க). கோழிக்கால் எலும்பை ஒரு வாரம் வினிகரில் ஊறப்போட்டால் கால்சியம் கரைந்துபோய் ரப்பர் மாதிரி வளையும். இன்னொன்றை அடுப்புத் தணலில் வெளுக்கச் சுட்டு, ஆறினதும் விரலால் அழுத்துங்கள். கால்சியம் அத்தனையும் அப்படியேதான் இருக்கும்... எலும்பு மட்டும் பொடிப்பொடியாக உதிரும்.