பறக்கப் பயில்வார்க்கு எவ்விமானம் ஏற்றது?

1947 ஆம் ஆண்டு டிசம்பர் 10 ஆந் தேதி எயர் சிலோன் விமானத்தின் கன்னிப் பறப்பு இரத்மலானையிற் புறப்பட்டுக் காங்கேசன்துறையைத் தொட்டே சென்னை சென்றது. 2019 ஒக்டோபரிற் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. ஆகலின், வைத்தியம், பொறியியல், கணக்கியல் என்னும் மூன்று வழியன்றி வேறறியாத நம்மவரிடையே விமானமோட்டியாக விழையும் மாணவர் தோன்றுதல் வியப்பன்று, மகிழ்ச்சிக்குரியதே. ஆயின் அவ்விழைவுக்கு ஈடாக வைக்கப்படுவது பெரும்பாலும் தந்தையாரின் தோட்டக்காணி. அதனாலேயே இதனை எழுதலானேன்.

தனியார் விமானமோட்டி அனுமதிப்பத்திரத்துக்குச் சர்வதேச விதிப்படி குறைந்தது 40 மணித்தியாலப் பறப்பு வேண்டும். அதில் 10 மணித்தியாலம் தனித்துப் பறத்தல். தொழில்முறைப் பத்திரத்துக்கு 200. அங்கீகரிக்கப்பட்ட பாடநெறியாயின் 150. ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் விமான வாடகை உண்டு. எனவே எவ்விமானத்தை வாடகைக்கு அமர்த்துவது என்னும் வினா அழகு பற்றியதன்று.

பயிற்சிக்குப் பெரிதும் வழங்குவன செஸ்னா 152, செஸ்னா 172 என்னும் இரண்டுமாம். முன்னையது இருவர்க்குரியது, 110 குதிரைவலுவுடையது, மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 23 லீற்றர் எரிபொருள் கொள்வது. பின்னையது நால்வர்க்குரியது, ஏறத்தாழ 32 லீற்றர் கொள்வது. தொடக்க மாணவனுக்கு வெற்றிருக்கை இரண்டினைச் சுமந்து திரிவதால் யாது பயன்? சிறியதே போதும் என்பது என் கருத்து.

ஆயினும் சிறியதற்கு ஒரு வரம்புண்டு. செஸ்னா 152 இன் உச்ச எடை 757 கிலோ. வெற்றெடை ஏறத்தாழ 510. நிறைந்த எரிபொருள் 67. எஞ்சுவது 180 கிலோ. ஆசிரியரும் மாணவரும் நல்ல உடல்வாகினராயின் எரிபொருளைக் குறைத்தே எழவேண்டும். நம் நாட்டு வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. 32 பாகை வெப்பத்திலே கடல்மட்டத்தில் நிற்கும் விமானம், இறகுக்கும் இயந்திரத்துக்கும் 2000 அடி உயரத்துக் காற்றில் நிற்பது போன்றதே. மேலெழுதல் மந்தமாகும். பருத்த உடலினர் நாணாது பெரியதையே கேட்பாராக.

வாடகைப் பட்டியலைப் பார்த்து மலிவென மயங்கற்க. அத்தொகையில் எரிபொருள் அடங்குமா? ஆசிரியர் கட்டணம் வேறா? எம்மானியைக் கொண்டு கணக்கிடுவர்? ஒருவகை மானி, இயந்திரம் ஓடத் தொடங்கியதும் கடிகாரம்போல் ஓடும். மற்றொருவகை சுழற்சியை எண்ணுவது. தரையில் மெல்ல ஊர்ந்து முறைக்காகக் காத்து நிற்கும்போது அது மெதுவாகவே நகரும். எனவே தொகை சற்றுக் கூடியதாய்த் தோன்றும் விமானமே ஈற்றில் மலிவாதலும் உண்டு.

பைப்பர் செரோக்கி போன்ற தாழிறகு விமானங்களும் நல்லனவே. ஆனால் அவற்றில் இடத்தொட்டி, வலத்தொட்டி என எரிபொருளை நாமே மாற்றிக்கொள்ளவேண்டும். மறந்தார்க்கு ஒரு தொட்டியில் எரிபொருள் இருக்கவே இயந்திரம் நின்றுவிடக்கூடும். கணினித்திரை மின்னும் புதிய விமானம் பிள்ளைகளின் கண்ணைக் கவரும். நிழற்படத்துக்கு அது நன்று. தரையையும் தொடுவானையும் நோக்கிப் பழகவேண்டிய மாணவனுக்கு முதலிருபது மணித்தியாலத்தில் அதற்கென மேலதிகம் கொடுத்தல் வீண் என்றே கூறுவேன்.

எதனைத் தேர்ந்தாலும் தனித்துப் பறக்கும்வரை அதனை விடாதிருத்தல் நன்று. வகை மாறுந்தோறும் வேகங்களையும் விசைகளின் இடங்களையும் மீளப் பயில்வதிற் சில மணித்தியாலம் கரையும். ஆகவே அதே வகையில் எத்தனை விமானம் உள்ளன என்று பயிற்சிக்கூடத்தாரைக் கேட்க. ஒன்றே உளதாயின், அது பழுதுபார்க்கச் சென்ற வாரமெல்லாம் மாணவன் விடுதிச் செலவோடு காத்திருப்பான்.

செஸ்னா 152 இன் உற்பத்தி 1985 இல் நின்றுவிட்டது. வாடகைக்குக் கிடைப்பன யாவும் முதிர்ந்தவை. முதுமை குற்றமன்று, பேணாமையே குற்றம். பணங்கட்டுமுன் பராமரிப்புப் பதிவேட்டைக் காட்டும்படி தந்தையார் கேட்கலாம்: இறுதிப் பரிசோதனை எப்போது, இயந்திரம் புதுப்பித்தபின் எத்தனை மணித்தியாலம் ஓடியது, சென்ற திங்களில் எத்தனை நாள் தரையில் நின்றது. காட்டத் தயங்குமிடத்தில் முற்பணம் கொடாது எழுந்து வருக.