கோடையில் போடும் கணக்குதான் ஆடியில் விளையும்!



மாசி முடிந்து பங்குனி பிறந்தால் நம்ம ஊர்க் கிணறுகள் அடிமட்டத்துக்குப் போய்விடுகின்றன. காய்கறிச் செடியைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டாச்சு. "இனி ஆடி வரைக்கும் வேலை இல்லை" என்று ஆளாளுக்கு ஒரு பக்கம் கிளம்பிவிடுகிறோம். சிலர் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு, சிலர் கட்டட வேலைக்கு. மிச்சப் பேர் டீக்கடை பெஞ்சில். தனித்தனியாக வெள்ளாமை செய்கிறவருக்கு இது பழகிப்போன வாழ்க்கை. ஆனால் உறுப்பினர்களே முதலாளிகளாக, பங்குப் பணம் போட்டு, ரசாயனம் இல்லாமல் காய்கறி விளைவிக்கும் கூட்டுப் பண்ணைக்கு இது சரிப்பட்டு வருமா? வராது என்பதே நம் கருத்து. கூட்டுப் பண்ணை பிழைக்குமா, கவிழுமா என்பது தை மாசத்து விளைச்சலில் தீர்மானமாவதில்லை. வேலை இல்லை என்று நாம் சொல்லும் இந்த நாலு மாசத்தில்தான் தீர்மானமாகிறது.

ஏன் அப்படிச் சொல்கிறோம்? நமக்கு வேலை இல்லாத மாசத்தில் வியாபாரிக்கு வேலை இருக்கிறது. வைகாசி கடைசியில் பள்ளிக்கூடம் திறக்கிறது. பீஸ் கட்டணும், நோட்டுப் புத்தகம் வாங்கணும். முகூர்த்த மாசம், மொய் எழுதணும். கையில் காசு இல்லை. கமிஷன் கடையிலிருந்து ஆள் வருகிறார். "அண்ணே, முன்பணம் எவ்வளவு வேணும்? வெள்ளாமை வந்ததும் கழிச்சுக்கலாம்" என்கிறார். வட்டி கூடக் கேட்பதில்லை. கேட்கத் தேவையில்லையே! அந்தப் பணத்தை வாங்கிய நாளிலேயே ஆடியில் விதைக்கப் போகும் காய்க்கும் சேர்த்து விலை பேசி முடிச்சாச்சு. காய் அங்கேதான் போகணும். அவர் சொல்வதுதான் விலை, அவர் போடுவதுதான் எடை, நூற்றுக்குப் பத்து கமிஷன். பங்குப் பத்திரம் வீட்டுப் பெட்டியில் இருக்கும். காய் மட்டும் மண்டியில் இருக்கும். அப்புறம் கூட்டுப் பண்ணையில் விற்க என்ன இருக்கும்?

இதற்கு மருந்து சட்டத்திலேயே இருக்கிறது. 2002-ல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி, உற்பத்தியாளர் கம்பெனி என்ற ஏற்பாட்டைக் கொண்டு வந்தார்கள். பத்து விவசாயிகள் சேர்ந்தால் தொடங்கலாம். பத்து பங்கு வைத்திருந்தாலும் நூறு பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டுதான். விவசாயத்தில் சம்பந்தமில்லாத பணக்காரர் பங்கு வாங்கி உள்ளே நுழைய முடியாது. உறுப்பினருக்குத் தரும் விலையில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்துப் பிறகு கொடுக்கவும் அதில் வழி இருக்கிறது. நாம் கேட்பது இதைத்தான். ஐப்பசி முதல் மாசி வரை கிலோவுக்கு 2 ரூபாய் நிறுத்தி வையுங்கள். 4,000 கிலோ காய் கொடுத்த உறுப்பினருக்கு 8,000 ரூபாய் சேர்ந்திருக்கும். அதைப் பள்ளி திறக்கும் முன்னால் வைகாசியில் கையில் கொடுங்கள். அவர் எதுக்குங்க கமிஷன் கடை வாசலில் போய் நிற்கப் போகிறார்?

"கஷ்டப்பட்டு விளைவித்த காசை நிறுத்தி வைப்பதா?" என்று சில உறுப்பினர்கள் கோபப்படுகிறார்கள். நியாயமான கேள்விதான். வரவு செலவு தெரியாமல் பணத்தை நிறுத்தி வைத்தால் யாருக்கும் சந்தேகம் வரும். மார்ச் 31-ல் கம்பெனிக் கணக்கு முடிகிறது, அதாவது நம்ம பங்குனியில். சித்திரையிலேயே எல்லா உறுப்பினரையும் கூட்டி, யார் எத்தனை கிலோ கொடுத்தார், யாருக்கு எவ்வளவு நிற்கிறது என்று பெயர் வாரியாக உரக்கப் படிக்க வேண்டும். சுவரில் ஒட்ட வேண்டும். கணக்கைக் காட்டாத நிர்வாகம் காசை நிறுத்தி வைக்கக் கூடாது. இதில் நாம் உறுதியாக இருக்கிறோம்.

அடுத்தது பயிர்த் திட்டம். தக்காளிக் கதையை எல்லோரும் அறிவோம். 2023 ஜூலையில் சென்னையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அரசே கூட்டுறவுக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. அந்த விலையைப் பார்த்து ஊரே தக்காளி நட்டது. செப்டம்பரில் விலை தரைக்கு வந்தது. விலையைப் பார்த்து நட்டால் இப்படித்தான். சாப்பிடுகிறவரைப் பார்த்து நட வேண்டும். டவுனில் 100 குடும்பம் நம்மிடம் வாரம் 5 கிலோ காய் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வாரம் 500 கிலோ வேண்டும். அதில் வெண்டை 60 கிலோ என்றால் வாராவாரம் 60 கிலோ வேண்டும். ஒரு வாரம் 300 கிலோ, அடுத்த மாசம் ஒன்றுமில்லை என்றால் ஆகாது. வெண்டை 45 நாளில் முதல் பறிப்புக்கு வரும், 90, 100 நாளில் ஓய்ந்துவிடும். எல்லோரும் ஆடி 18-ல் விதைத்தால் எல்லோருக்கும் ஒரே நாளில் குவியும். ஆளுக்குப் பத்து சென்ட் வீதம் 15 நாள் இடைவெளியில் தவணை பிரித்து விதைத்தால் பறிப்பும் தொடரும். யாருக்கு எந்தத் தவணை, யாருக்குப் பந்தல், யாருக்குக் கீரை என்பதை விதைத்த பிறகு பேச முடியுமா? வைகாசியிலேயே பேசி எழுதிவிட வேண்டும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஆனி, ஆடியில் காய்க்கு விலை இருப்பது ஏன்? அப்போது யாரிடமும் காய் இல்லை, அதனால்தான். தனி விவசாயி அந்தக் கோடையில் நட முடியாது, கிணறு வற்றிவிடும். ஆனால் பத்துக் கிணற்றில் இரண்டு கிணறாவது ஊறிக்கொண்டிருக்கும். கூட்டுப் பண்ணை என்றால் அந்த இரண்டு கிணற்றுத் தண்ணீரையும் சொட்டு நீரில் விட்டு, வெயில் தாங்கும் கொத்தவரையும் வெண்டையும் கீரையும் கொஞ்ச நிலத்தில் எடுக்கலாம். கிணற்றுக்காரருக்குத் தண்ணீர்ப் பங்கு, உழைக்கிறவருக்குக் கூலி, மீதி பொதுவில். வாடிக்கைக் குடும்பங்களும் நம்மை விட்டுப் போகாது.

மண் வேலையும் இப்போதுதான். சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. கோடை உழவு போட்டால் கூட்டுப்புழு வெயிலில் செத்துப்போகும், கோடை மழைத் தண்ணீரும் நிலத்துக்குள் இறங்கும். அந்த மழையில் ஏக்கருக்கு 20 கிலோ பலதானியம் விதைத்து, பூவெடுக்கும் நேரத்தில் மடக்கி உழச் சொன்னார் நம்மாழ்வார். 2013 டிசம்பர் 30-ல் அவர் மறைந்தார். அவர் சொன்ன வழியில் விளைந்த நிலம் நம் கண் முன்னால் இருக்கிறது. கிடை போடுவது, குளத்து வண்டல் அடிப்பது, எருக்குழி திருப்புவது, விதையை உலர்த்திச் சாம்பலில் புரட்டிப் பத்திரப்படுத்துவது எல்லாமே கோடை வேலைகள். இந்த வேலைகளுக்குப் பண்ணைப் பொதுப் பணத்திலிருந்து கூலி கொடுக்க வேண்டும். ஓசியில் செய்யச் சொன்னால் உறுப்பினர் பனியன் கம்பெனிக்குத்தான் போவார், அவரைக் குறை சொல்ல முடியாது.

சான்று நோட்டும் அப்படித்தான். பங்கேற்புச் சான்று முறையில் குறைந்தது 5 விவசாயிகள் குழுவாகி ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்துச் சான்று பெறலாம். என்ன விதை, என்ன எரு, எந்தத் தேதி என்று எழுதாமல் விட்டால் உழைப்பெல்லாம் வீண். பக்கத்துத் தோட்டத்து மருந்து காற்றில் வராமல் வேலியோரம் கிளுவையும் அகத்தியும் நட வேண்டிய காலமும் ஆடி மழைக்கு முன்னால்தான்.

பெண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விதை எடுப்பது, நாற்று விடுவது, பறிப்பது, தரம் பிரிப்பது எல்லாம் அவர்கள். பங்கு மட்டும் பட்டாக்காரர் பெயரில். உற்பத்தியாளர் என்பதற்குச் சட்டம் பட்டா கேட்கவில்லை, விவசாயத் தொழிலில் ஈடுபடுகிறவர் என்றுதான் சொல்கிறது. ஆகவே வீட்டில் உழைக்கும் பெண்கள் பெயரிலும் பங்கு எழுதுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு "பொம்பளைங்க யாரும் வரலை" என்று சொல்வது நியாயமில்லை.

நாம் செய்ய வேண்டியது இவ்வளவு. அரசு செய்ய வேண்டியதும் உண்டு:

1. வண்டல் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024-ல் விதியை மாற்றினார்கள். அந்த அனுமதியைக் குளம் நிறைந்த பிறகு தராமல் பங்குனியிலேயே தர வேண்டும்.

2. நாட்டுக் காய்கறி விதைகள் வைகாசிக்குள் வேளாண் அலுவலகங்களில் கிடைக்க வேண்டும். 2023 மார்ச்சில் அங்கக வேளாண்மைக் கொள்கை வெளியிட்ட அரசுக்கு இது பெரிய காரியமல்ல.

3. 1999-ல் தொடங்கிய உழவர் சந்தைகளில் சிறு விவசாயிகளின் கூட்டுப் பண்ணைகளுக்குத் தனிக் கடையும் குளிர்பதன அறையில் இடமும் ஒதுக்க வேண்டும்.

4. பக்கத்துக் கேரளத்தில் 2020 நவம்பர் 1 முதல் 16 வகை விளைபொருள்களுக்கு உற்பத்திச் செலவோடு 20 சதவீதம் சேர்த்து அடிப்படை விலை அறிவித்தார்கள். நம் காயை வாங்கிச் சாப்பிடும் மாநிலம் தன் விவசாயிக்குச் செய்ததைத் தமிழ்நாடும் நமக்குச் செய்ய வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளுக்காகச் சங்கம் வட்டாட்சியர் அலுவலகம் முன்பு திரளும்போது குடும்பத்தோடு வாருங்கள். அதற்கு முன்னால், ஒவ்வொரு ஊர்க் கிளையும் வைகாசிக்குள் ஒரு பகல் கூட்டம் போட்டு, யார் எதை எப்போது விதைப்பது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நம் திட்டத்தை நாம் எழுதாவிட்டால், கமிஷன் கடைச் சிட்டையில் அவர்கள் எழுதிவிடுவார்கள்.

முன்பணத்துக்குக் கை நீட்டோம்!
விதைக்கும் முன்னே கூடிப் பேசுவோம்!
காய்க்கு விலை நாமே சொல்வோம்!