வலிய கப்பித்தான் சொன்ன கதை

என்னுடைய தினசரி ஜெபம் மொத்தம் இரண்டரை நிமிஷம். ஆபீஸில் ஃபைல் கட்டிப் பழகிய கை. ஜெபமும் மனு மாதிரியே வரும். மேற்படி விண்ணப்பதாரருக்கு அரியர்ஸ் சீக்கிரம் வர வேண்டும், டிரான்ஸ்ஃபர் வரக் கூடாது, நாகர்கோவில்-தக்கலை பஸ்ஸில் ஜன்னல் ஸீட் கிடைக்க வேண்டும். இப்படிக்கு, ஆமென்.

ஜன்னல் ஸீட் மட்டும் சில நாள் ஸாங்ஷன் ஆகும்.

"லேய் மக்ளே, நீ ஆண்டவர்ட்ட பேசுகியா, பாக்கி வசூல் பண்ணுகியா?" என்பாள் பாட்டி. சிரித்து மழுப்பிவிடுவேன். உண்மைக் காரணத்தை அவளிடம் சொன்னதில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாற்பது நாளும் முழங்கால் போட்டு ஜெபித்தேன். அப்பா போய்விட்டார். இனி பெரிய விஷயம் எதையும் கேட்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஜன்னல் ஸீட் கிடைக்காவிட்டால் யாரும் அழப்போவதில்லை, பாருங்கள்.

அந்த ஜன்னல் வழியாகத் தினமும் பார்க்கிற இடம் புலியூர்க்குறிச்சி, உதயகிரிக் கோட்டை. உள்ளேதான் டிலனாய் கல்லறை இருக்கிறது. 1741-ல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுக் கைதியாகி, பிற்பாடு அதே மகாராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்து 'வலிய கப்பித்தான்' ஆனாரே, அந்த டச்சுக் கம்பெனிக்காரர். (எதிர்க் கம்பெனியில் சேர்ந்து பிரமோஷன் வாங்குகிற வித்தையை நம்ம ஜில்லாவில் ஆரம்பித்து வைத்தவர் இவராகத்தான் இருக்க வேண்டும்.)

பத்மநாபபுரம் அரண்மனையில் அவருக்குப் பழக்கமான ஓர் உத்தியோகஸ்தர், நட்டாலம் நீலகண்ட பிள்ளை. ஆடுமாடு செத்து, பயிர் அழிந்து, முகம் தொங்கிப் போய் வேலைக்கு வருகிறார். நம்ம ஆபீஸாக இருந்தால் "எல்லாம் நன்மைக்கே ஸார்" என்று ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்போம். டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார்.

யோபு என்றால் வாய் திறக்காத பொறுமைசாலி என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 42 அதிகாரத்தையும் போன மாதம்தான் முழுசாகப் படித்தேன். மனுஷன் சும்மா இருக்கவேயில்லை! நான் செய்த தப்பு என்ன, சொல்லும் என்று கடவுளோடு வழக்காடுகிறார். "நீ ஏதாவது பாவம் பண்ணியிருப்பே" என்று புத்தி சொல்ல வந்த சிநேகிதர்கள்மேல்தான் கடைசியில் கடவுளுக்குக் கோபம். ஏன் என்ற கேள்விக்குக் கடைசி வரை நேரான பதில் கிடையாது. ஆனால் பேச்சு நிற்கவில்லை.

நீலகண்ட பிள்ளை 1745-ல் திருவிதாங்கூர் எல்லை தாண்டி வடக்கன்குளம் போய் ஞானஸ்நானம் வாங்கித் தேவசகாயம் ஆனார். அதற்கப்புறம் கஷ்டம் தீர்ந்ததா என்றால், 1749-ல் கைது. எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்பார்கள். பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிப் போட்டார்கள். 1752 ஜனவரி 14, ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம். 2022-ல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது ஜில்லா முழுக்க வெடிச் சத்தம்.

எனக்கு அந்த வேப்பமரம்தான் மனசிலேயே நிற்கிறது. அங்கே கட்டுண்டு கிடந்தபோது, விடுதலை வேண்டும் என்று ஒரு நாளாவது கேட்டிருக்க மாட்டாரா? கிடைக்கவில்லை. மறுநாளும் ஜெபம். நான் ஒரே ஒரு கேள்வியோடு கடையை மூடிவிட்டு, ஸீட் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் மனுவை ஓரமாக வைத்தேன். 'அப்பா விஷயத்தில் ஏன் அப்படிச் செய்தீர்?' என்று கேட்டேவிட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். பதில் ஒன்றும் வரவில்லை. மணியைப் பார்த்தால் முக்கால் மணி நேரம் போயிருக்கிறது.

அடுக்களையிலிருந்து பாட்டி, "லேய், முட்டுல நின்னே ஒறங்கிட்டியா?" என்றாள்.

"இல்ல பாட்டி, பேசிட்டு இருக்கேன்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"பேசு, பேசு. கஞ்சியை மூடி வச்சிருக்கேன்."