ரூ.216 கோடி இழப்பு: கணக்கு உண்டு, வசூலிக்கத்தான் வழியில்லை

பாலக்காடு: மண்ணும் நீரும் மாசடைந்தால் இழப்பை யார் கணக்கிடுவது, யாரிடமிருந்து வசூலிப்பது என்ற கேள்விகளுக்குக் கேரளத்தின் கிழக்கு எல்லையில் இன்னும் முழுமையான விடை கிடைக்கவில்லை. பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் உள்ள பிளாச்சிமடையில் முதல் கேள்விக்கு 2010-ஆம் ஆண்டிலேயே விடை காணப்பட்டது. அருகில் உள்ள முதலமடையில் அந்த முதல் படியே எட்டப்படவில்லை.

பெருமாட்டி ஊராட்சிக்கு உட்பட்ட பிளாச்சிமடையில் இந்துஸ்தான் கோகோ கோலா நிறுவனத்தின் குளிர்பான ஆலை 2000-ஆம் ஆண்டு செயல்படத் தொடங்கியது. கிணற்று நீர் வற்றியதாகவும், எஞ்சிய நீர் குடிக்கத் தகுதியற்றுப் போனதாகவும் கூறி, 2002 ஏப்ரலில் பழங்குடியின மக்கள் போராட்டத்தைத் தொடங்கினர். ஆலைக் கழிவுச் சேறு உரமாக விவசாயிகளுக்கு வழங்கப்பட்டு வந்தது. அதில் காட்மியமும் ஈயமும் இருப்பதாக 2003-இல் பிபிசி வானொலி ஏற்பாடு செய்த ஆய்வு தெரிவித்தது. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலையின் உற்பத்தி நின்றது.

நிபுணர் குழுவின் மதிப்பீடு

கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு, கூடுதல் தலைமைச் செயலர் கே.ஜெயகுமார் தலைமையில் ஆய்வு நடத்தி, 2010 மார்ச்சில் அறிக்கை அளித்தது. மொத்த இழப்பு ரூ.216.26 கோடி என அது மதிப்பிட்டது. இதில் வேளாண் இழப்பு ரூ.84.16 கோடி, நீர்வள மாசு ரூ.62.10 கோடி, உடல்நலப் பாதிப்பு ரூ.30 கோடி; குடிநீர் வழங்கும் செலவு ரூ.20 கோடி, கூலி மற்றும் வாய்ப்பு இழப்பு ரூ.20 கோடி.

இந்தத் தலைப்புகளில் பெரும்பாலானவை மக்கள் ஏற்கெனவே இழந்ததற்கான ஈடு. மண்ணைத் தூய்மைப்படுத்தும் செலவு தனித் தலைப்பாக இடம்பெறவில்லை. காட்மியம் காலப்போக்கில் சிதைந்து மறைவதில்லை. பயிர்கள் வழியே உணவில் சேர்ந்து, சிறுநீரகத்தையும் எலும்பையும் பாதிக்கக் கூடியது. மாசடைந்த மண்ணை அகழ்ந்து பாதுகாப்பான குழியில் இடுவதானாலும், உலோகம் பரவாமல் அங்கேயே கட்டுப்படுத்துவதானாலும், எங்கே எவ்வளவு ஆழம் வரை மாசு உள்ளது என்பதை முதலில் அளந்தாக வேண்டும். ரூ.216.26 கோடியை வழிகாட்டும் மதிப்பீடாகவே கொள்ள வேண்டும் என்று குழுவும் குறிப்பிட்டிருந்தது. அதுவும் 2010-ஆம் ஆண்டு விலைநிலையில் போடப்பட்ட கணக்கு.

சட்டச் சிக்கல்

இழப்பீட்டைத் தீர்மானிக்கச் சிறப்புத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைக் கேரள சட்டப்பேரவை 2011 பிப்ரவரியில் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்பப்பட்ட அம்மசோதா பல ஆண்டுகள் நிலுவையில் இருந்து, இறுதியில் ஒப்புதல் இன்றித் திரும்பியது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இருக்கும்போது தனித் தீர்ப்பாயம் தேவையில்லை என்பதே முன்வைக்கப்பட்ட முக்கிய ஆட்சேபம்.

ஆனால், பசுமைத் தீர்ப்பாயச் சட்டப்படி இழப்பீடு கோரும் மனுவைப் பாதிப்புக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அச்சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2010 அக்டோபரில்தான். ஆலை நின்று அதற்குள் 6 ஆண்டுகள் கடந்துவிட்டன. ஒரு கதவு மூடப்பட்டபோது, காட்டப்பட்ட மறு கதவு ஏற்கெனவே தாழிடப்பட்டிருந்தது. குழு மதிப்பிட்ட இழப்பீடு இன்றளவும் மக்களைச் சென்றடையவில்லை.

ஆலை அமைந்திருந்த ஏறத்தாழ 35 ஏக்கர் நிலத்தைக் கேரள அரசிடம் ஒப்படைக்க நிறுவனம் பின்னர் முன்வந்தது. நிலம் கைமாறுவதோடு பொறுப்பும் கைகழுவப்படக் கூடாது என்பது போராட்டக் குழுவினரின் கவலை.

வேலூர் காட்டும் வழி

தமிழகத்தின் அனுபவம் வேறு. வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் உறுதிப்படுத்தியது. அத்தீர்ப்பின்படி சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தனி ஆணையம் அமைக்கப்பட்டு, பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீடு நிர்ணயிக்கப்பட்டது. ஆயினும் பாலாற்றுப் படுகை மீளவில்லை. இழப்பீடு வழங்குவதோடு கடமை முடிந்துவிடாது, சேதம் சீராகும் வரை பொறுப்பு தொடரும் என 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்த வேண்டியிருந்தது.

முதலமடையின் நிலை

மாம்பழத்துக்குப் பெயர்பெற்ற முதலமடையில் சிக்கல் இன்னும் கடினமானது. இங்குள்ள தோப்புகளில் எண்டோசல்ஃபான் உள்ளிட்ட பூச்சிக்கொல்லிகள் பயன்படுத்தப்பட்டதாகவும், குழந்தைகளின் உடற்குறைபாடுகளுக்கு அவற்றுடன் தொடர்பு உண்டா என ஆராய வேண்டும் என்றும் சமூக ஆர்வலர்கள் நெடுங்காலமாகக் கோரி வருகின்றனர். எண்டோசல்ஃபானுக்கு 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தடை விதித்தது. எனினும் கேரள அரசின் நிவாரணம் பெரும்பாலும் காசர்கோடு மாவட்டத்தையே மையமாகக் கொண்டிருந்தது.

காசர்கோட்டில் தெளித்தது அரசுக்குச் சொந்தமான ஒரே தோட்டக் கழகம். பிளாச்சிமடையில் இருந்தது ஒரே ஆலை. முதலமடையிலோ தோப்பு உரிமையாளர் ஒருவர், குத்தகைதாரர் வேறொருவர்; குத்தகையும் காலத்துக்குக் காலம் கைமாறும். மாசுபடுத்தியவரை அடையாளம் காண்பதே அரிது என்பதால், மண், நீர், உடல்நலம் ஆகியவற்றை ஒருங்கே அளக்கும் பொறுப்பு அரசையே சாரும்.

காலம் கடந்தபின் போடப்படும் கணக்கு நீதிமன்றத்தில் நிற்பதில்லை என்பதைப் பிளாச்சிமடை காட்டிவிட்டது. அளவீடு தள்ளிப்போகும் ஒவ்வோர் ஆண்டும் சான்றுகள் மங்கும். செலவோ அந்தந்தக் குடும்பங்களின் தலையிலேயே விழும்.